மசக்கை வாந்திக்குக் கஞ்சா லேகியமா? வாங்க, பேசித் தீர்ப்போம்

உப்பனாறு:
கடலூர், புதுச்சேரி பக்கம் கர்ப்பிணின்னதும் கஞ்சாவைப் பூச்சாண்டி ஆக்கிடறாங்க. ஜமைக்காவுல மெலனி டிரெஹர் 1994இல் வெளியிட்ட ஆய்வுல, கர்ப்பத்துல கஞ்சா புகைச்ச, டீ போட்டுக் குடிச்ச தாய்மாரோட குழந்தைங்க ஒரு மாச வயசுல சில சோதனை மதிப்பெண்கள்ல முந்தியே இருந்தாங்க. மசக்கைக்குச் சுண்டைக்காய் அளவு லேகியம் என்ன பண்ணிடும்?

கோரிமேடு:
அந்த ஆய்வுல கஞ்சா பக்கம் 24 குழந்தை, கஞ்சா இல்லாத பக்கம் 20. அதிகம் பயன்படுத்தின தாய்மார் கையில வருமானம் இருந்தவங்கன்னு அதுலயே இருக்கு, குழந்தைங்க முந்தினதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். பெரிய கணக்கு வேணும்னா 2019இல் வந்த கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு: 6.6 லட்சம் கர்ப்பிணிகள். குறைப்பிரசவம் பயன்படுத்தினவங்களுக்கு 12 சதவீதம், மத்தவங்களுக்கு 6.1. புகையிலை, வருமானம் எல்லாம் சமப்படுத்தின பிறகும் 1.41 மடங்கு.

உப்பனாறு:
பாருங்க, ரெண்டு மடங்கு 1.41 ஆயிடுச்சு. அதுலயும் எவ்வளவு புகைச்சாங்கங்கிற அளவு கிடையாது. நம்ம ஊர்ல சிகரெட் தூளைக் கலந்துதான் சுத்துறாங்க. கெடுத்தது எதுன்னு எப்படிப் பிரிப்பீங்க? அமெரிக்க தேசிய அகாடமிகளோட 2017 அறிக்கைகூட, புகைக்கிறதுக்கும் பிறப்பு எடை குறையறதுக்கும் மட்டும்தான் வலுவான தொடர்பு சொல்லுது.

கோரிமேடு:
1.41 மடங்குன்னா 41 சதவீதம் அதிகம், சுழியம் இல்லையே! எடை குறைஞ்சு பிறக்கிறது சின்ன விஷயமும் இல்ல. லேகியத்துல புகை இல்லை, ஆனா கஞ்சாவுல போதை ஏத்துற பொருளான டிஹெச்சி அதேதான். சாப்பிட்டா ஏற ஒண்ணு ரெண்டு மணி நேரமாகும்; "ஒண்ணும் தெரியலையே"ன்னு இன்னொரு உருண்டை போடுவாங்க, ரெண்டும் சேர்ந்து தூக்கும். அது கொழுப்புல தங்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டும். அது போய் ஒட்டுற ஏற்பிகள் 14 வாரத்துலயே சிசு மூளையில இருக்கு. கடைசியாப் பயன்படுத்தி 6 நாள் கழிச்சும் தாய்ப்பால்ல கண்டுபிடிச்சிருக்காங்க.

கெடிலக்கரை:
நடுவுல ஒண்ணு. சித்த மருத்துவப் பேரைச் சொல்லி விக்கிறதால 'மூலிகை'ன்னு நம்பிடக் கூடாது. மருந்துச் சட்ட விதிகள்ல நச்சுப் பொருள் பட்டியலான இ1-லதான் கஞ்சா இருக்கு. மருத்துவ மேற்பார்வையில சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போடணும். பெட்டிக்கடை டப்பாவுல அந்த வரி இருக்கான்னு திருப்பிப் பாருங்க.

உப்பனாறு:
ஆனா வாந்தியை நிறுத்துதே? புற்றுநோய் கீமோ சிகிச்சையில வர்ற வாந்திக்கு டிரோனாபினால், அதாவது செயற்கையாச் செஞ்ச டிஹெச்சி, அமெரிக்காவுல 1985லயே அனுமதி வாங்கின மருந்து.

கோரிமேடு:
அது கீமோவுக்கு, கர்ப்பத்துக்கு இல்ல. இன்னொரு பக்கம், வருஷக்கணக்கா அனேகமா தினமும் எடுக்கிறவங்களுக்குக் கஞ்சாவே வாந்தியைக் கொண்டு வரும். 2004இல் ஆஸ்திரேலியாவுல முதல்ல விவரிச்சாங்க. கர்ப்பத்துல இது மசக்கை மாதிரியே தெரியும். வாந்திக்குக் கஞ்சா, கஞ்சாவுக்கு வாந்தின்னு சுத்தும். அடையாளம்: கடலூர் மே மாச வெயில்லயும் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்திக்கிட்டாதான் நிம்மதி. கூடவே மேல்வயித்து வலி. மசக்கை பெரும்பாலும் 20 வாரத்துக்குள்ள அடங்கும். இது கஞ்சாவை நிறுத்துற வரை அடங்காது, நிறுத்தினாலும் சில நாள், சில வாரம் எடுக்கும்.

இன்னொரு தப்பு, தெருமுனை கிளினிக்ல "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க"ங்கிறது. வாரக்கணக்கா வாந்தி எடுத்தவங்களுக்கு தயமின் (பி1) தீர்ந்திருக்கும். அதைக் கொடுக்காம குளுக்கோஸ் ஏத்தினா மூளை பாதிக்கும்: தள்ளாட்டம், பார்வைக் குழப்பம். முதல்ல 100 மி.கி. தயமின், சலைன், பொட்டாசியம் பார்த்துச் சரிக்கட்டுறது. பொட்டாசியம் குறைஞ்சிருக்கும்போது ஒன்டான்செட்ரான்ங்கிற வாந்தி மருந்தைப் போட்டா இதயத் துடிப்பு தடுமாறலாம். சாதாரண மசக்கைக்கு டாக்சிலமின் 10 மி.கி., பைரிடாக்சின் (பி6) 10 மி.கி. சேர்ந்த மாத்திரை, மருத்துவர் சொன்னபடி இரவுல ரெண்டு. போதாட்டி காலை, மதியம் ஒவ்வொண்ணு. காலையில குமட்டின பிறகு முதல் மாத்திரை போட்டுட்டு "கேட்கலை"ன்னா எப்படிக் கேட்கும்?

உப்பனாறு:
தயமின் விஷயம் சரி. ஆனா டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னா போலீஸ் வரும்னு தானே மறைக்கிறாங்க?

கெடிலக்கரை:
போதைப்பொருள் சட்டத்தோட 27-வது பிரிவின்படி கஞ்சா பயன்படுத்தினா 6 மாசம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதே சட்டத்தோட 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவங்க தானா முன்வந்து அரசு நடத்துற, அங்கீகரிச்ச மருத்துவமனையில சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து விலக்கு தருது. பாதியில விட்டா விலக்கு போயிடலாம்.

உப்பனாறு:
லேகியத்தைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். 1.41 கணக்கை இன்னும் விடலை. சிகரெட் தூளைப் பிரிச்ச கணக்கு இருந்தா எடுத்து வைங்க, பேசுவோம்.