மறு: பராமரிப்புக் கையேட்டில் ‘கேஸ்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டு வெப்பமூட்டும், குளிரூட்டும் கருவிகளுக்கான கையேட்டின் சொற்பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒரே சொல்லில் தேங்கி நிற்கிறோம்: ஏசியின் குழாய்க்குள் ஓடி வெப்பத்தைக் கடத்தும் பொருளைக் குறிக்கும் ‘கேஸ்’. முந்தைய மடல்களில் வந்த கருத்துகளுக்குக் கீழேயே என் பதில்களை எழுதுகிறேன்.

> எல்லோரும் ‘கேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

எனக்குக் கடன்சொற்கள்மீது பகை இல்லை. ஃபில்டர், கம்ப்ரசர், தெர்மோஸ்டாட் மூன்றும் அப்படியே இருக்கட்டும். ‘கேஸ்’ மட்டும் வேறு. அது படிப்பவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. கேஸ் என்றதும் அடுப்பில் எரிவது நினைவுக்கு வருகிறது. எரிய எரியத் தீரும், தீர்ந்தால் நிரப்ப வேண்டும். ஆகவே அவ்வப்போது ‘கேஸ் போடுவது’ வழக்கமான பராமரிப்பு என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

உண்மையில் குழாய்க்குள் ஓடும் அந்தப் பொருள் செலவாவதே இல்லை. உள்ளே இருக்கும் சுருளில் கொதித்து ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெளியே இருக்கும் சுருளில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. மறுபடியும் உள்ளே வருகிறது. மூடிய சுற்று அது. ஆகவே அளவு குறைந்திருந்தால், தொடக்கத்தில் சரியாக நிரப்பப்பட்ட கருவியில், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போவது பணத்துக்கும் கேடு, வளிமண்டலத்துக்கும் கேடு. இந்தப் பொருள்களில் ஒரு வகையான ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பமாதலைச் செய்கிறது.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. நம் கையேடு எரிவாயு உலையையும் பேசுகிறது. ‘கேஸ் கசிந்தால்’ என்று ஒரு வரி வந்தால், எந்த கேஸ்? எரிவாயு கசிந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் உடனே வெளியேறி, வெளியிலிருந்து உதவி கேட்க வேண்டும். மணமூட்டி சேர்த்திருப்பதால் மூக்கே அதைக் கண்டுபிடித்துவிடும். குளிரூட்டும் கருவியில் ஓடும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எச்சரிக்கும் மணம் கிடையாது. குளிர்ச்சி குறைவது, சுருளில் பனிக்கட்டி படிவது, குழாய் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிவது என்று வேறு அடையாளங்களைத்தான் தேட வேண்டும். உயிர் சார்ந்த ஓர் எச்சரிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

பனிக்கட்டி என்றதும் இன்னொன்று. சுருளில் பனி படிந்தால் உடனே ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்கிறார்கள். அழுக்கேறிய ஃபில்டரும் அதையே செய்யும். காற்றோட்டம் குறைந்தால் சுருளின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கி, அதன்மேல் படியும் நீர் உறைந்துவிடுகிறது. குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியை உருக்கி, ஃபில்டரைச் சுத்தம் செய்து பார்த்த பிறகும் பனி திரும்பினால்தான் தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். கையேட்டில் இந்த வரிசை மாறக் கூடாது.

> ‘குளிரூட்டி’ அல்லது ‘குளிர்மம்’ போதுமே.

குளிரூட்டி என்று கருவியையே அழைக்கிறோம். வண்டி எஞ்சினில் ஊற்றும் திரவத்தையும் அழைக்கிறோம். குளிர்மம் அழகான சொல், சுருக்கமானதும்கூட. ஆனால் வெப்ப எக்கியை (ஹீட் பம்ப்) நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு திசைமாற்று வால்வு இருக்கிறது. கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் அதே பொருள், குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்குகிறது. இயல்பான காற்றழுத்தத்தில், இன்னொரு வகையான ஆர்-32 ஏறத்தாழ −52 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், உறையும் குளிரிலும் அதனால் வெப்பத்தை வாங்க முடிகிறது. வீட்டைச் சூடாக்கும்போது அதைக் குளிர்மம் என்பதா?

அது செய்வது ஒரே வேலை: வெப்பத்தை ஓரிடத்தில் ஏந்தி இன்னோரிடத்தில் இறக்குவது. ஆகவே என் முன்மொழிவு: வெப்பமேந்தி. கடத்தி, தேக்கி, மின்மாற்றி என்று நாம் ஏற்கெனவே பழகிய அச்சில் வார்த்த சொல்தான். வெப்பமேந்திக் கசிவு, வெப்பமேந்திக் குழாய் என்று தடையில்லாமல் நீள்கிறது.

இதே காரணத்தால், அது கொதிக்கும் சுருளுக்கான ‘ஆவியாக்கி’, திரவமாகும் சுருளுக்கான ‘ஒடுக்கி’ இரண்டையும் கையேட்டிலிருந்து எடுத்துவிடலாம். வெப்ப எக்கியில் பருவத்துக்குப் பருவம் அவை பங்கு மாற்றிக்கொள்கின்றன. உட்சுருள், வெளிச்சுருள் என்று இருக்கும் இடத்தால் அழைத்தால் எந்தப் பருவத்திலும் சரியாக இருக்கும்.

---

ஐயா, வணக்கம்.

பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தடை. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் ஓடும் சுடுநீரும் வெப்பத்தை ஏந்தித்தானே செல்கிறது? அதையும் வெப்பமேந்தி என்றால் மறுபடியும் குழப்பம். மேலும், நாங்கள் ‘கேஸ் எவ்வளவு’ என்று கேட்பது அழுத்தத்தை அல்ல, எடையை. வெளி அலகின் பெயர்த்தகட்டில் கிராமிலோ கிலோவிலோ அச்சிட்டிருக்கும். முழுவதையும் எடுத்துவிட்டு, வெற்றிடமாக்கி, தராசில் வைத்து நிரப்புவதுதான் முறை. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

---

அன்புள்ள நண்பருக்கு,

தடை நியாயமானது. பொறியியல் பாடநூலுக்கு எழுதினால் ‘நிலைமாறு வெப்பமேந்தி’ என்று அடைமொழி சேர்த்தே ஆக வேண்டும். கொதிப்பதும் திரவமாவதும்தான் இதை நீரிலிருந்து பிரிக்கிறது. ரேடியேட்டர் நீர் திரவமாகவே போய்த் திரவமாகவே திரும்புகிறது. நம் கையேட்டிலோ நீரை நீர் என்றே எழுதியிருக்கிறோம், எங்கும் வேறு பெயர் இல்லை. ஆகவே முதல் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு வெப்பமேந்தி என்று மட்டும் எழுதலாம். பழகியவர்கள் தேடிக் கண்டுபிடிக்க, சொல்லடைவில் ‘கேஸ்: வெப்பமேந்தி என்பதைப் பார்க்க’ என்று சேர்ப்போம்.

எடைக்கு ‘நிரப்பளவு’ எப்படி? ‘பெயர்த்தகட்டில் உள்ள நிரப்பளவைத் தொழில்நுட்பரிடம் காட்டி, எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வருகிறது. உங்கள் பட்டறையில் இந்த வாக்கியத்தை உரக்கப் படித்துக் காட்டி, கேட்டவர்களுக்கு விளங்கியதா என்று எழுதுங்கள். விளங்கினால் இரண்டு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.