தங்கச்சியை பிபிடி சேர்க்கலாமா? கல்லூரியில் எதைப் பார்க்க வேண்டும்?

அரியலூர் அண்ணன் (கேள்வி):

வணக்கம். தங்கச்சி பிளஸ் டூ பயாலஜி குரூப் முடித்திருக்கிறாள். நீட் மார்க் எம்பிபிஎஸ் பக்கமே வராது. இன்னொரு வருடம் கோச்சிங் போக அவளுக்கும் இஷ்டமில்லை, எங்களுக்கும் வசதியில்லை. பிசியோதெரபி பட்டப்படிப்பான பிபிடிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்களோ "கைகால் பிடித்துவிடுகிற வேலைக்கு நாலரை வருடப் படிப்பா, நர்சிங்கில் போட்டால் உடனே வேலை" என்று அப்பாவைக் குழப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தோம், கண்ணாடிக் கட்டடம், ஏசி வகுப்பு, எல்லாம் பளபள. ஃபீஸைச் சொன்னதும் அப்பா அப்படியே அமைதியாகிவிட்டார். படிப்பு உண்மையில் எப்படி இருக்கும், கல்லூரியை எதை வைத்து முடிவு செய்வது, முடித்தால் என்ன சம்பளம் என்று படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

இன்டர்ன் பொண்ணு:

அண்ணா, ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். யாரிடமும் சொல்லாமல் ஒரு வார நாள் காலை பத்து மணிக்குப் போய் அந்தக் கல்லூரியின் பிசியோ ஓபி (புறநோயாளிப் பிரிவு) வாசலில் அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், மாணவர்கள் அவர்களைத் தொட்டுப் பார்க்கிறார்களா, அல்லது வலிக்கிற இடத்தில் ஐஎஃப்டி (லேசாகக் கரண்ட் கொடுத்து வலி குறைக்கும் மெஷின்) பேடை ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று போன் பார்க்கிறார்களா, இது தெரிந்தால் போதும். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் எலும்பு, நரம்பு, ஐசியு மூன்றும் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியே இல்லாமல் "டை-அப் இருக்கு" என்று மட்டும் சொல்கிற இடமென்றால் யோசியுங்கள். ஏசி வகுப்பில் பிசியோ வராது.

முதல் வருடம் அனாடமி, பிசியாலஜி. இங்கேதான் நிறைய பேருக்கு அரியர் விழும். ஒவ்வொரு தசைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, எந்த நரம்பு, என்ன வேலை என்று நான்கு விஷயம் சொல்லத் தெரியணும், தோளைச் சுற்றியிருக்கும் நான்கு சின்னத் தசைகளுக்கே ஒரு ராத்திரி போய்விடும். ப்ரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கழுத்தில் இருந்து கைக்குப் போகிற நரம்புப் பின்னல், அந்தப் படத்தை சி5 நரம்பு வேரில் இருந்து டி1 வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைகிற அளவுக்கு வரைந்தால்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிற்க முடியும். டிசெக்‌ஷன் ஹால் (இறந்த உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் இடம்) சொந்தமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல இடங்களில் பக்கத்து மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவதோடு சரி.

ரெண்டாம் வருடம் எக்சர்சைஸ் தெரபி, எலக்ட்ரோதெரபி. அப்புறம் எலும்பு, இதயம், நுரையீரல், நரம்பு என்று போகும், கூடவே வார்டு போஸ்டிங். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த பாட்டியை மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்கணும். அவங்க நம்மைத் திட்டிக்கொண்டேதான் நிற்பாங்க. முட்டி எவ்வளவு மடங்குது என்று கோனியோமீட்டர் வைத்து அளந்தால் அறுபது டிகிரி தாண்டாது, தொண்ணூறு டிகிரியாவது வந்தால்தான் நாற்காலியில் இருந்து ஒழுங்காக எழுந்திருக்க முடியும். இதைப் போய் கைகால் பிடித்துவிடுகிற வேலை என்று சொல்கிற சொந்தக்காரரை ஒரு நாள் வார்டுக்கு அனுப்பி வையுங்கள் :)

வீட்டுக்கு வீடு பிசியோ:

மேலே இன்டர்ன் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி. நான் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், சுகர், பிரஷர் மாத்திரையோடு பிசியோவும் வீட்டுக்கே போகும். வேலை ஒப்பந்த அடிப்படைதான், நிரந்தர அரசு வேலை என்று நினைத்து வராதீர்கள். பிசியோவுக்கு நிரந்தர அரசுப் பணியிடம் ரொம்பக் குறைவு, நர்சிங்கோடு ஒப்பிட்டால் இந்த விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வேலை என்று பார்த்தால் எங்கள் ஊர்ப்பக்கம் தேவை கொட்டிக் கிடக்கிறது. பக்கவாதம் வந்த புதிதில் தோளைத் தாங்கிப் பிடிக்கிற தசைகளுக்கு வலு இருக்காது, கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். வீட்டில் பாசமாக அந்தக் கையையே பிடித்துத் தூக்கி உட்கார வைப்பார்கள், தோள் இறங்கி வலி பிடித்துக்கொள்ளும். போனதும் நான் முதலில் மருமகளையோ மகனையோ கூப்பிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, தோள்பட்டைக்குப் பின்னால் கையைக் கொடுத்து எப்படி எழுப்புவது என்று செய்துகாட்டச் சொல்வேன், சரியாக வரும்வரை விடமாட்டேன். மெஷின் எதுவும் வேண்டாம் இதற்கு.

கூச்சம் பார்க்கிற பிள்ளையா என்று மட்டும் பாருங்கள். வயதான ஆண்களைத் தூக்க வேண்டியிருக்கும், சளி, படுக்கைப்புண் எல்லாம் பார்க்கணும்.

துபாய் முதுகுவலி:

சம்பளம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் சொல்கிறேன். பிபிடி முடித்து ஊரில் கிளினிக்கில் சேர்ந்தால் தொடக்கத்தில் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் கொடுப்பார்கள், என் பேட்ச்சில் அதற்கும் கீழே போனவர்கள் உண்டு. காலை, மாலை வீட்டு விசிட் பிடித்தால்தான் கையில் காசு நிற்கும். எம்பிடி (பிசியோவில் முதுநிலைப் படிப்பு) ரெண்டு வருடம், அது முடித்தால் ஆசிரியர் வேலைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ வழி. வெளிநாடு என்றால் துபாய்க்கு டிஎச்ஏ லைசென்ஸ், இங்கிலாந்துக்கு எச்சிபிசி பதிவு, அமெரிக்காவுக்கு சான்றிதழ் மதிப்பீடு முடித்து என்பிடிஇ பரீட்சை. எல்லாவற்றுக்கும் பேப்பர் வேலை மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே முதல் வருடத்தில் இருந்தே மார்க் ஷீட், சிலபஸ், போஸ்டிங் நேரக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

பிசியோ படித்தவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்ற சண்டைக்குள் மட்டும் போகாதீர்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக்கூடாது என்று கடிதம் அனுப்பி மறுநாளே திரும்பப் பெற்றது. அந்தப் பஞ்சாயத்து இப்போதைக்கு முடியாது.

அரியலூர் அண்ணன்:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். அப்பாவிடம் படித்துக் காட்டினேன், பாட்டி திட்டுகிற இடத்தில் சிரித்துவிட்டார். அரசுக் கல்லூரி கிடைக்க வாய்ப்பு உண்டா? நீட் வேண்டுமா?

இன்டர்ன் பொண்ணு:

அரசில் திருச்சியில் பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். சென்னை கே.கே. நகரில் புனர்வாழ்வு மருத்துவ நிலையம். ரெண்டிலும் சீட் கொஞ்சம்தான், ஃபீஸ் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழு நடத்தும் பாராமெடிக்கல் கவுன்சிலிங்கில்தான் விண்ணப்பிக்கணும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதிலேயே வரும், அதனால் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் சேர்ந்தபோது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க்தான் கணக்கு, நீட் கேட்கவில்லை. ஆனால் பிசியோ மாதிரியான துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று தேசிய ஆணையம் வந்த பிறகு விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, 2025-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்பே ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம், மொத்தம் ஐந்து வருடம். இந்த வருட விவரக்குறிப்பு வந்ததும் ஒரு வரி விடாமல் படியுங்கள். எங்கேயாவது புரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.