ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன்ல ஜாயிண்ட் எல்லாம் விரிசல் விடுது, மொத்தமா பிரிக்கணுமா?

மடிப்பாக்கம்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாவது மாடி ஃபிளாட், ரெண்டு பெட்ரூம்தான். பொண்ணு பிளஸ் டூ போயிருக்கா, படிக்க தனியா இடம் வேணும்னு ஹால்ல ஒரு பக்கத்தை ஜிப்சம் போர்டு வெச்சு நானே தடுத்தேன். 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம், ஒரு ஓரத்துல ரெண்டரை அடிக்கு கதவு. சனி ஞாயிறுல உக்காந்து ஒன்றரை மாசம் ஆச்சு. முடிச்சு மூணு வாரம்கூட ஆகல, போர்டும் போர்டும் சேர்ற இடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா விரிசல், ஆறடி உயரத்துல குறுக்கால ஒரு விரிசல், கதவு மூலைல இருந்து சாய்வா ஒண்ணு. ஸ்குரூ தலை இருக்கற இடமெல்லாம் பழுப்பா புள்ளி புள்ளியா வருது. கதவை கொஞ்சம் வேகமா சாத்தினா செவுரே அதிருது. ரெண்டு தடவை பட்டி பாத்து தேய்ச்சுட்டேன், திரும்ப அதே இடத்துல விடுது. தெரிஞ்ச கொத்தனார் வந்து பாத்துட்டு இதெல்லாம் நிக்காது சார், பிரிச்சு போட்டுட்டு நாலரை இஞ்ச் செங்கல் செவுரு வெச்சுடலாம்ங்கறார். மனசே கேக்கல. காப்பாத்த வழி இருந்தா சொல்லுங்க.

பெரம்பூர்_அக்கா:
தம்பி, முதல்ல அந்த செங்கல் யோசனைய விட்டுடுங்க. மாடில கீழ பீம் இல்லாத இடத்துல நாலரை இஞ்ச் செவுரு ஏத்தக்கூடாது. ஜிப்சம் பார்ட்டிஷன் ரெண்டு பக்கமும் சேத்து சதுர அடிக்கு ரெண்டரை கிலோகூட வராது, செங்கலும் பூச்சும் சேந்தா இருபது கிலோவுக்கு மேல போகும். இன்ஜினியர் பாக்காம அந்த வேலைக்கு ஒத்துக்காதீங்க.

சீலிங்_வேலைக்காரன்:
சார், நான் பதினாறு வருஷமா ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலைதான் பாக்கறேன். நீங்க சொல்றத வெச்சே பாதி புரியுது ஆனா நாலு விஷயம் தெரியணும். ஸ்டட், அதான் உள்ள செங்குத்தா நிக்கற தகரச் சட்டம், எத்தனை அடிக்கு ஒண்ணு நிறுத்தினீங்க? ஜாயிண்ட்ல டேப் என்ன போட்டீங்க? பட்டி எது, செவுத்துக்கு அடிக்கற ஒயிட் சிமெண்ட் பட்டியா? ஸ்குரூ கருப்பா வெள்ளையா?

மடிப்பாக்கம்_அப்பா:
அண்ணா, போர்டு 4 அடி அகலம்னு 4 அடிக்கு ஒரு ஸ்டட் வெச்சேன். செவுத்து ஓரம் ஒண்ணு, 4 அடில ஒண்ணு, கதவு ஓரத்துல ஏழரை அடில ஒண்ணு. டேப் போடல. பட்டி நீங்க சொன்ன அதே ஒயிட் சிமெண்ட் பட்டிதான். ஸ்குரூ வீட்ல இருந்த மர ஸ்குரூ. ரெண்டு பக்கமும் போர்டை ஒரே மாதிரிதான் அடிச்சேன், கீழ 6 அடி முழு போர்டு, மேல மூன்றரை அடி துண்டு.

சீலிங்_வேலைக்காரன்:
அப்போ பட்டி மேல தப்பு இல்ல சார், எலும்பு பத்தல. 12.5 எம்எம் போர்டுக்கு 2 அடிக்கு ஒரு ஸ்டட் நிக்கணும். நடுவுல பிடிப்பே இல்லாததால கதவு சாத்தும்போதெல்லாம் போர்டு வயிறு மாதிரி உள்ள போய் வெளிய வருது, அந்த ஆட்டம் மொத்தமும் ஜாயிண்ட்ல வந்து நிக்குது. ஒயிட் சிமெண்ட் பட்டி கல்லு மாதிரி இறுகிடும், துளிகூட வளையாது, அதான் நூல் பிடிச்ச மாதிரி பிளக்குது. நூறு தடவை பட்டி பாத்தாலும் அப்படித்தான்.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் ஜாயிண்ட் நேருக்கு நேர் வந்திருக்கு. 4 அடி ஸ்டட்டுல இந்தப் பக்கமும் ஜாயிண்ட் அந்தப் பக்கமும் ஜாயிண்ட், 6 அடி உயரத்துல குறுக்கு ஜாயிண்டும் அப்படியே, அதுக்கு பின்னால தாங்க ஒரு பட்டைகூட இல்ல. கதவு மூலைல கரெக்டா போர்டு ஓரம் வந்தா அங்க சாய்வா விரிசல் விட்டே தீரும்.

நல்ல விஷயம் என்னன்னா ஸ்குரூ போட்ட வேலை, கழட்டலாம். அதுவும் ஒரு பக்கம் மட்டும். ஹால் பக்கத்தை கழட்டுங்க, ரூம் பக்கம் அப்படியே நிக்கட்டும். 2 அடில ஒண்ணு, 6 அடில ஒண்ணு புதுசா ஸ்டட் சொருகுங்க. ஸ்டட்டை மேல சீலிங்ல இடிக்கற மாதிரி வெட்டாதீங்க, 10 எம்எம் குறைச்சு வெட்டுங்க, ஸ்லாப் கொஞ்சம் அசைஞ்சா ஸ்டட் வளையாது. கதவு ஓரத்து ஸ்டட் உள்ள மர ரீப்பரை முழு உயரத்துக்கு இறுக்கமா அடிச்சு இறக்குங்க, கதவு நிலை அந்த மரத்துல பிடிக்கணும், வெறும் தகரத்துல பிடிச்சா ஆடத்தான் செய்யும். ரூம் பக்கத்து 6 அடி ஜாயிண்டுக்கு பின்னால குறுக்கா தகர சேனல் துண்டு வெச்சு முடுக்குங்க. அப்புறம் ரூம் பக்கம் போய் புது ஸ்டட் வர்ற இடத்துல பென்சில் கோடு போட்டு அடிக்கு ஒரு ஸ்குரூ.

திரும்ப மூடும்போது கணக்கு மாத்துங்க. செவுத்து ஓரத்துல 2 அடி துண்டுல ஆரம்பிங்க, அடுத்து 4 அடி, அடுத்த 4 அடி போர்டை கதவு மேல வரைக்கும் போற மாதிரி எல் வடிவத்துல வெட்டுங்க. ஜாயிண்ட் 2லயும் 6லயும் வரும், ரூம் பக்கம் 4ல இருக்கு, ஒண்ணோட ஒண்ணு சேராது, கதவு மூலையும் தப்பிச்சுது. குறுக்கு ஜாயிண்டையும் மாத்த, மூன்றரை அடி துண்டுகளை கீழயும் 6 அடி போர்டை மேலயும் வைங்க, இதுக்கும் பின்னால குறுக்கு சேனல் மறக்காதீங்க. அளவு போட்டு பாத்தேன், பழைய போர்டுலயே முக்கால்வாசி கிடைச்சுடும், புதுசா ஒண்ணு போதும், ஓரம் உடைஞ்சா வேணும்னு ரெண்டா வாங்கிக்குங்க.

மடிப்பாக்கம்_அப்பா:
அண்ணா, இதை பிரிண்ட் எடுத்து செவுத்துலயே ஒட்டிட்டேன். ஒரு பக்கம் மட்டும்னு கேட்டப்பவே பாதி பாரம் இறங்கிடுச்சு. டேப்பும் ஸ்குரூவும் கொஞ்சம் சொல்லிடுங்க.

சீலிங்_வேலைக்காரன்:
கருப்பு டிரைவால் ஸ்குரூ 25 எம்எம் கேளுங்க, பாரிமுனை செம்புதாஸ் தெருவுல கிடைக்கும், உங்க பக்கத்து ஹார்டுவேர்லயும் இருக்கும். துருப்பிடிச்ச பழசை எடுத்துட்டு அதே ஓட்டைல போடாம 2 இஞ்ச் தள்ளி போடுங்க. ஸ்குரூ தலை பேப்பரை கிழிக்காம லேசா குழியா இறங்கணும், பேப்பர் கிழிஞ்சா அந்த ஸ்குரூ பிடிக்காது. ஃபேக்டரில இருந்தே வர்ற சரிவான ஓரத்துல 10 எம்எம், நீங்க வெட்டின ஓரத்துல 15 எம்எம் உள்ள தள்ளி.

ஜாயிண்டுக்கு ஜாயிண்டிங் காம்பவுண்டு (ஜிப்சம் போர்டு ஜாயிண்டுக்குன்னே வர்ற பட்டி), பேப்பர் டேப். ரூம் பக்கத்து பழைய பட்டிய சுரண்டி எடுத்துட்டு மெல்லிசா காம்பவுண்டு தடவி, டேப்பை நடுவுல வெச்சு பிளேடால அழுத்தி உள்ள இருக்கற காத்தை தள்ளுங்க. மேல ரெண்டு கோட், ஒவ்வொண்ணும் முன்னதை விட அகலமா, கடைசி கோட் ஒரு அடி அகலம் வரைக்கும் போகலாம். வெட்டின ஓரத்துல சரிவு இருக்காது, அங்க இன்னும் அகலமா இழுங்க இல்லன்னா வரப்பு மாதிரி தூக்கி தெரியும்.

வேளச்சேரி_கீழ்வீடு:
ப்ரோ, போர்டை தரைல உக்கார வெச்சிருக்கீங்களா? எங்க வீட்ல 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி நின்னது முக்கால் அடிதான், ஆனா போர்டு தண்ணிய மேல உறிஞ்சி ரெண்டு அடிக்கு கூழாயிடுச்சு. உங்களுக்கு மாடி, வெள்ளம் வராது, ஆனா தினமும் வீடு தொடைக்கற தண்ணி போதும். தரைக்கும் போர்டுக்கும் 10 எம்எம் இடம் விட்டு ஸ்கர்ட்டிங் வெச்சு மறைங்க.

பெரம்பூர்_அக்கா:
மூடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி தம்பி, பாப்பா ரூம்ல புக் ஷெல்ஃப் மாட்டுவீங்களா? மாட்டறதா இருந்தா இப்பவே ஸ்டட்டுக்கு நடுவுல 18 எம்எம் பிளைவுட் வெச்சு பிடிச்சுடுங்க, எந்த உயரம்னு குறிச்சு ஒரு போட்டோவும் எடுத்து வைங்க. நான் வெக்காம விட்டுட்டு பிளஸ் டூ புக்கு கைடு எல்லாத்தோடயும் ஷெல்ஃப் பேத்துக்கிட்டு வந்து என் பையன் கால்ல விழுந்துச்சு, நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகல. உள்ள ராக்வூலும் (பஞ்சு மாதிரி இருக்கும்) வெச்சுடுங்க, ஹால்ல டிவி ஓடற சத்தம் நல்லாவே குறையும். அதை கையாளும்போது முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க். உப்புத்தாள் போட்டு தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம்.

மடிப்பாக்கம்_அப்பா:
பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன். ஹால் பக்கம் முழுக்க கழட்டினேன், போர்டு ஒண்ணே ஒண்ணுதான் ஓரம் உடைஞ்சுது. உள்ள பாத்தா எனக்கே பகீர்னு ஆயிடுச்சு, ஸ்விட்ச் போர்டுக்கு இழுத்த ஒயரை பைப் இல்லாம ஸ்டட் ஓட்டை வழியா விட்டிருந்தேன், செவுரு அதிர்ந்து அதிர்ந்து தகர விளிம்பு உரசி ஒயர் மேல்தோல் அறுபட ஆரம்பிச்சிருந்துச்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு பிவிசி பைப்ல புது ஒயர் இழுத்தாச்சு. விரிசல் விடலன்னா இது என் கண்ணுல பட்டே இருக்காது.

ரெண்டு ஸ்டட்டும் நிறுத்தி, ரீப்பர் இறக்கி, குறுக்கு சேனல் முடுக்கி, பிளைவுட், ராக்வூல் எல்லாம் வெச்சு மூடிட்டேன். கதவை வேணும்னே வேகமா சாத்தி பாத்தேன் அண்ணா, செவுரு அசையல. பொண்ணுதான் கையை செவுத்துல வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை சாத்துப்பான்னா. டேப் ஒட்டி ரெண்டாவது கோட் முந்தாநேத்து போட்டது, ரெண்டு நாளா மழை, இன்னும் ஈரமாவே இருக்கற மாதிரி தெரியுது. பாக்கெட்ல 24 மணி நேரம்னு போட்டிருக்கு, மூணாவது கோட் போடலாமா?

சீலிங்_வேலைக்காரன்:
ஒயர் விஷயம் பாத்தீங்களே, ரொம்ப சந்தோஷம் சார். மூணாவது கோட் இன்னைக்கு வேணாம். பாக்கெட்ல போட்டிருக்கறது காஞ்ச காத்துக்கு, நம்ம ஊரு மழைக்கு ரெண்டு நாள் மூணு நாள் ஆகும். ஃபேனை போட்டு விடுங்க, புறங்கைய ஜாயிண்ட் மேல வெச்சு பாருங்க, ஜில்லுனு இருந்தா உள்ள காயலன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கற போர்டு மாதிரியே சூடு இருந்தா அன்னைக்கு போடுங்க.