மின் உந்துபொறியால் விண்கலத்தை அவசரமாக விலக்க முடியுமா?

கேள்வி:
செனான் வாயுவை அயனியாக்கி வீசும் மின் உந்துபொறி வேதி எரிபொருளைவிடப் பன்மடங்கு சிக்கனமானது என்று படிக்கிறோம். ஆனால் விண்வெளிக் குப்பை எதிரே வந்தால் விலகுவதற்கு அது போதாது என்கிறார்களே, மின்சாரத்தைக் கூட்டினால் இக்குறை தீராதா?

பதில் 1:
ஓரளவு தீரும். உந்துவிசை மின்திறனுக்கு நேர்விகிதத்திலும், வாயு வெளியேறும் வேகத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. அந்த வேகம் கூடினால்தான் சிக்கனம் கூடும் என்பதால், சிக்கனத்தைக் கூட்டக் கூட, அதே மின்சாரத்தில் கிடைக்கும் விசை குறைகிறது. 2007இல் ஏவப்பட்ட நாசாவின் டான் கலத்தில் அயனி எஞ்சினின் உச்ச விசை சுமார் 90 மில்லிநியூட்டன், அதாவது இரண்டு ஏ4 தாள்கள் உள்ளங்கையை அழுத்தும் அளவுதான். அந்தச் சிறு விசையை ஆண்டுக்கணக்கில் செலுத்தியே அது வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து கிளம்பிச் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியது.

பதில் 2:
இணையச் செயற்கைக்கோள்களை இயக்கும் ஸ்டார்லிங்க் 2023இல் கொண்டுவந்த ஹால் உந்துபொறி (மின் உந்துபொறியின் ஒரு வகை), 4.2 கிலோவாட்டில் 170 மில்லிநியூட்டன் தருகிறது. செனானுக்குப் பதில் மலிவான ஆர்கான். ஆர்கானை அயனியாக்குவது கடினம் என்பதால் இதைச் சாதனையென்றே சொல்வேன்.

பதில் 3:
கேள்வியிலுள்ள 'அவசரம்' என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம். பூமிக்கு அருகிலுள்ள தாழ்வட்டப் பாதையில், செல்லும் திசையிலேயே நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தை மாற்றினால், 12 மணி நேரத்தில் கலம் தன் பழைய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். 800 கிலோ எடையுள்ள கலத்துக்கு, மேற்சொன்ன ஹால் பொறியை ஒரு நிமிடம் இயக்கினாலே அந்த மாற்றம் கிடைத்துவிடும். எச்சரிக்கை அரைமணி முன்னதாக மட்டும் வந்தால்தான் சிக்கல்.