மலாவி தொட்டிக்கு கோரல் சிப்ஸ் கட்டாயமா?

கல்லிடுக்கு:
"மலாவி சிக்லிட் வளர்க்க கோரல் சிப்ஸ் கட்டாயம், இல்லன்னா நிறம் வராது"ன்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். சிக்லிட்னா ஆப்பிரிக்காவோட மலாவி ஏரியில இருக்கிற வண்ண மீனுங்க. கோரல் சிப்ஸ்னா பவளக் கல் துண்டு, சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட பி.எச்.சை (அமில-கார அளவு) ஏத்தும்னு போடுறாங்க. உப்புக் கரிக்கிற போர் தண்ணியை ஒரு பக்கெட்ல பிடிச்சு, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓட விட்டு பி.எச். பாருங்க. பிடிச்ச உடனே 7.2 காட்டுற தண்ணி, கரியமில வாயு போனதும் 8 தாண்டிடும். சுண்ணாம்பு ஏற்கனவே நிறைஞ்ச அந்தத் தண்ணியில கோரல் எப்படிக் கரையும்? வெறும் வெள்ளைக் கல்லு.

தொட்டிவாசி:
அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். எல்லார் வீட்டுலயும் போர் இல்ல சார். ஆர்.ஓ. தண்ணி ஊத்துறவங்க என்ன பண்ணுவாங்க?

கல்லிடுக்கு:
வேற மீன் வளர்ப்பாங்க. வாரம் 40 சதவீதம் தண்ணி மாத்துற தொட்டியில கோரல் கரைஞ்சு ஈடு கட்டுறதுக்குள்ள அடுத்த வாரம் வந்துடும். ஆப்ப சோடா போடுங்க: 200 லிட்டருக்கு 6 கிராம், கே.எச். (பி.எச்.சை நிலையா வைக்கிற கார்பனேட் அளவு) ஒரு டிகிரி ஏறும். புதுத் தண்ணியில கரைச்சு ஊத்தணும். தொட்டியில நேரா கொட்டினா பி.எச். எகிறும், இருக்கிற அமோனியாவும் விஷமாகும்.

நீலவரி:
ஜி.எச்.ங்கிற கால்சியம், மக்னீசியம் அளவு வேற, கே.எச். வேற. சோடாவுல கால்சியம் வராது. எதைப் பத்திப் பேசறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்கப்பா.

தொட்டிவாசி:
கேட்டுக்கோங்க! கால்சியம் கோரல்லதான் வரும்.

கல்லிடுக்கு:
கரைஞ்சாத்தானே வரும்? எத்தனை தடவை சொல்றது?

பாசிப்பல்:
கோரல் கிடக்கட்டும். எம்புனாவுக்கு (பாறையில வாழுற மலாவி சிக்லிட்) பிளட்வார்ம்ங்கிற சிவப்புப் புழு போடலாம்னு போன மாசம் சொன்ன மகான் இவர்தானே? பாசி மேயுற மீனுங்க, குடல் நீளம். வயிறு உப்பி, வெள்ளையா நூல் மாதிரி கழிஞ்சு, மல்லாந்துடும். ஸ்பைருலினாங்கிற சுருள்பாசித் தீனி போதும்.

கல்லிடுக்கு:
யெல்லோ லேப்ங்கிற மஞ்சள் எம்புனாவுக்குச் சொன்னேன். அது கல்லிடுக்குல பூச்சி பொறுக்குற மீன். டெமாசோனிங்கிற சண்டைக்கார எம்புனாவை நாலே நாலு விடச் சொன்ன நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 12-க்குக் குறைஞ்சா பெரிய ஆண் ஒவ்வொண்ணா துரத்தியே கொன்னுடும்.

பாசிப்பல்:
நாலுன்னு எங்க சொன்னேன்? ஒரு ஆணுக்கு மூணு பொண்ணுன்னுதான் சொன்னேன்.

கல்லிடுக்கு:
ஒண்ணும் மூணும் எத்தனைங்க?

தொட்டிவாசி:
சென்னை கொளத்தூர் மீன் கடைக்காரங்க மலாவி வாங்கினாலே கோரலும் எடுத்துத் தர்றாங்களே, அவங்க முட்டாளா?

கல்லிடுக்கு:
விக்கிறவர் வேண்டாம்னா சொல்வார்?

நீலவரி:
யாராவது கே.எச். அளந்தீங்களா, இல்லையா?

தொட்டிவாசி:
அளந்து என்ன ஆகப் போகுது. கேனிஸ்டர் ஃபில்டர்ல ஒரு வலைப்பை நிறைய கோரல் கிடந்தா கெட்டா போயிடும்? கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவாவது ஒட்டும்.

கல்லிடுக்கு:
ஒட்டட்டும். செராமிக் ரிங்லயும்தான் ஒட்டுது. கட்டாயம்னு எழுதினது நீங்க. நிறம் வராதாம்! தரை முழுக்க வெள்ளைக் கோரல் பரப்பினா மீன் தன் நிறத்தையே வெளுப்பாக்கிக்கும், கருமணல்ல விட்டுப் பாருங்க. அந்தப் பதிவை எடுங்க.

தொட்டிவாசி:
எடுக்க மாட்டேன். மலாவி ஏரி பி.எச். 7.7-லருந்து 8.6. கோரல் கட்டாயம்.

பாசிப்பல்:
12 டெமாசோனி வாங்க யார் காசு தர்றது, அதைச் சொல்லுங்க முதல்ல.