பழைய எனாமல் அடித்த தேக்கு அலமாரிக்கு எந்த உப்புத்தாள்?

கேள்வி: யாங்கோன் வீட்டில் பழைய தேக்கு அலமாரி. மூன்று நான்கு கோட் எனாமல், அங்கங்கே உரிகிறது. மறுபடியும் பெயின்ட்தான் அடிக்கப் போகிறேன். 60 நம்பர் தாளில் தொடங்கலாமா? கறுப்புத் தாளா, வெள்ளைத் தாளா?

பதில்: 60 வேண்டாங்க, நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு அதிகம், அதன் கீறல் புது எனாமலிலும் தெரியும். உரிகிறதைச் சுரண்டிவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் 80, விளிம்பில் படி தட்டாமல் 120. கெட்டியாகப் பிடித்திருக்கும் பெயின்டை மரம் வரை எடுப்பது வீண் வேலை. 180-இல் பளபளப்புப் போனால் போதும். 80-லிருந்து நேரே 220-க்குத் தாவாதீங்க.

பதில்: வெள்ளைத் தாளில் ஸ்டியரேட் என்ற சோப்பு மாதிரியான பூச்சு இருப்பதால் தூள் சீக்கிரம் அடைக்காது. ஆனால் தேய்க்கும் மெஷினை அழுத்தினால் சூட்டில் எனாமல் இளகி அதுவும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் புது கோட்டுகளுக்கு நடுவில், 320 நம்பர்.

பதில்: அண்ணே, முதலில் ஒன்று. அவ்வளவு பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அப்படியானால் மெஷினும் வெள்ளைத் தாளும் வேண்டாம். கறுப்புத் தாளில் தண்ணீர் தொட்டுக் கையால் தேயுங்கள். துணி முகமூடி போதாது, நுண்ணிய தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் மரம் தெரியும் இடத்தைத் தின்னரில் துடைத்து உடனே பிரைமர். தேக்கு எண்ணெய் மேலே வந்துவிட்டால் பெயின்ட் பிடிக்காது.