நிறுத்தி வெச்ச கேரவனும் சோலார் பேனலும்: உங்க அனுபவம் என்ன?

பதிவு
நாலு மாசம் கழிச்சு கேரவனைத் திறந்தேன். சோலார் கன்ட்ரோலர்ல (பேனல்ல இருந்து பேட்டரிக்குப் போற சார்ஜை அளவா விடுற பெட்டி) பச்சை விளக்கு பளிச்சுனு எரியுது. உள் லைட்டைப் போட்டா எரியலை. பேட்டரியில மீட்டர் வெச்சா 9.8 வோல்ட். 20 வாட் பேனலை உள்ளே இருக்கிற 12 வோல்ட் சாக்கெட்லதான் சொருகியிருந்தேன். மெயின் சுவிட்சை அணைச்சா அந்த சாக்கெட்டும் செத்துடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. வெயில் விழுதுன்னு மட்டும்தான் பச்சை விளக்கு சொல்லிட்டு இருந்திருக்கு. நேரா பேட்டரியில கட்டியிருந்த திருட்டு அலாரம் மட்டும் ராப்பகலா உறிஞ்சியிருக்கு. வாராவாரம் ஜன்னல் வழியா அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதியா திரும்பினேனே, அதுதான் இன்னும் உறுத்துது.

பதில் 1
எனக்கு நேர்மாறு. கன்ட்ரோலர் இல்லாம 50 வாட் பேனலை நேரா கட்டிட்டேன். பேட்டரி பெட்டியைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம். பக்கமெல்லாம் உப்பி, தொட்டா சுடுது. மூடியைக் கழட்டினா தண்ணி வத்தி தகடு தெரியுது. அந்த வாயு வெடிக்க ஒரு பொறி போதும், நான் கையில ஸ்பேனரோட நிக்கிறேன். பேனல் மேல போர்வையைப் போட்டு மூடிட்டுத்தான் ஒயர்ல கை வெச்சேன். எவ்வளவு சின்ன பேனலா இருந்தாலும் கன்ட்ரோலர் இல்லாம கட்டாதீங்க.

பதில் 2
"எவ்வளவு சின்ன பேனலா இருந்தாலும்"ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். 5 வாட் பேனல் நல்ல வெயில்லயே 0.3 ஆம்பியர்தான் தரும், 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரியை அது கொதிக்க வைக்காது. எனக்கு ரெண்டு குளிர்காலம் அப்படியே ஓடுச்சு. ராத்திரி கரன்ட் திரும்பிப் போகாம டயோடு இருந்தா போதும்.

முதல்ல எழுதினவருக்கு: பேனல் வாங்குறதுக்கு முன்னாடி இழுப்பை அளங்க. அலாரம், டிராக்கர் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தா நாளைக்கு 1.2 ஏஹெச் போகும். 100 ஏஹெச் பேட்டரி சுமார் நாப்பது நாள்ல பாதி காலி. ஒயரை சாக்கெட்டுக்குக் கொண்டு போகாம நேரா பேட்டரி முனைக்குக் கொண்டு போங்க, முனைக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க. கன்ட்ரோலர்ல முதல்ல பேட்டரியைக் கட்டணும், அப்புறம்தான் பேனல். கழட்டும்போது பேனல் முதல்ல. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினா முழுசு, 12.2 காட்டினா பாதிதான். லித்தியம் பேட்டரின்னா கதையே வேற: பாதி சார்ஜ்ல இணைப்பைக் கழட்டி வெச்சுடலாம், உறைபனிக் குளிர்ல சார்ஜ் ஏத்தவே கூடாது.

பதில் 3
எனக்கு ஒரு கிளை நிழல்தான் வினை. பேனல் மேல கை அகலத்துக்கு விழுந்துச்சு, அவ்வளவுதான். 1.8 ஆம்பியர் வந்துட்டிருந்தது 0.3-க்கு இறங்கிடுச்சு. வண்டியை ரெண்டடி நகர்த்தினதும் மீட்டர் ஏறுறதை நின்னு பார்த்தேன்.

பதில் 4 (50 வாட் கட்டினவன்)
5 வாட்டுக்கு நீங்க சொல்றது சரிதான். ஆனா நானும் 5 வாட்லதான் ஆரம்பிச்சேன். அடுத்த வருஷம் அதே ஒயர்லதான் 50 வாட்டை மாட்டினேன்.